முக்கால் வட்டம்

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மச்சினன் எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா எப்படி இருக்கிறாள், உங்கள் இடுப்புவலி விட்டதா என்பதுதான் நாள் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இருக்கிற ஒற்றை அறையில் போனில் எதைப் பேசினாலும் அக்கா காதில் விழும், மெசேஜ் அனுப்பினாலும் அவள் தலைமாட்டில் இருக்கிற போனில்தான் வந்து நிற்கும், அவளைப் பற்றிப் பேச வேண்டுமானால் கடிதம் போடு என்று சொன்னீர்கள். நியாயம்தான். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் இத்தனை வரி சேர்ந்தாற்போல எழுதியதில்லை. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். அதில் கைக்கடிகாரம் மாதிரி இரண்டு பட்டைகள் இருக்கும். உள்ளே சென்சார் இருக்கிறது. சிவப்பு வலது கைக்கு, நீலம் இடது கைக்கு. குளிக்கும்போது மட்டும் கழற்றினால் போதும். கை அசைவதையெல்லாம் அது பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பும். அங்கிருந்து என் போனுக்கும் வந்துவிடும். திரையில் ஒரு வட்டம் தெரியும். நல்ல கையோடு ஒப்பிட்டால் பக்கவாதத்தில் விழுந்த வலது கை எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் அந்த வட்டத்துக்கு அர்த்தம். இரண்டும் சமமாக வேலை செய்தால் வட்டம் முழுதாக நிறையும். நான் வேலை பார்ப்பது தண்ணீர் சுத்திகரிக்கிற இடத்தின் கட்டுப்பாட்டு அறையில். முள்ளும் எண்ணும் பார்த்தே பிழைக்கிறவன் நான். அக்காவையும் எண்ணில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

இனி ஒரு ஏற்பாடு. கடிதத்தில் ஒரு கோடு போடுவேன். கோட்டுக்கு மேலே இருப்பதை அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கீழே இருப்பது உங்களுக்கு மட்டும்.

அக்கா, மருத்துவமனையிலிருந்து வருகிற பெண் சொல்லிக் கொடுக்கிற பயிற்சியை ஒழுங்காகச் செய். என்னைப் படிக்கவைக்க நீ முழங்கையில் கிள்ளிய தழும்பு இன்னும் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள். வட்டம் முக்கால் நிறைந்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவேன். சத்தியம். வாசலில் என் பெட்டியை நீதான் வலது கையால் வாங்கி வைக்க வேண்டும்.

————

அத்தான், லீவு கேட்டால் கிடைக்காது என்றில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டாவது கொடுப்பார்கள். எனக்குத்தான் பயம். அம்மா போன பிறகு அக்காதான் எனக்கு அம்மா. உங்களுக்குக் கல்யாணமான புதிதில் உங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துத் தூங்கியவன் நான். கோணிய வாயோடு, பேச்சில்லாமல் அவளைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கொஞ்சம் தேறட்டும், ஓடி வந்துவிடுகிறேன்.

பணிவுடன்,
தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் பார்சலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. நான் நன்றாக இருக்கிறேன். இடுப்பு, வேனின் பழைய சீட்டு மாதிரி, ஏறும்போதும் இறங்கும்போதும் சத்தம் போடுகிறது. உன் கையெழுத்துக்கு நான் சிரிக்கவில்லை. உன் அக்காதான் கடிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

இதைப் பள்ளிக்கூட வாசலில், வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடுவேன். பயிற்சியை முடித்து, சாப்பாடு கொடுத்துவிட்டு, மறுபடி பிள்ளைகளை ஏற்ற வந்துவிடுவேன். மணி அடிக்கும் வரை எனக்கு ஓய்வு.

பட்டைகளை முதல் நாள் மாற்றிக் கட்டிவிட்டேன். அவளுக்கு வலது என்றால் எதிரே நிற்கிற எனக்கு இடது என்று மண்டையில் ஏறவில்லை. வட்டம் நிறைந்து வழிந்தது. நானும் ஆகா என்று குதித்தேன். உன் அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து பழகிய பார்வை. அப்புறம் சரியாகக் கட்டினேன். இப்போது வட்டத்தில் வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுக்கு ஒரு கோடுதான் தெரிகிறது. முதலில் அப்படித்தான் இருக்கும் என்று டீச்சரும் சொன்னாள். டீச்சர் என்றால் உனக்குத் தெரியுமே, மருத்துவமனையிலிருந்து வந்து பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பெண். அதட்டுகிற அதட்டலில் நாங்கள் வைத்த பெயர்.

மேசைமேல் துண்டை விரித்து, அதன்மேல் வலது கையை வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். பிறகு பிளாஸ்டிக் டம்ளரைப் பிடிக்க வேண்டும். தள்ளுவது கொஞ்சம் வருகிறது. பிடிப்பது வரவில்லை. விரல்கள் மூடியே இருக்கின்றன.

பேச்சைப் பொறுத்தவரை, இன்னும் "சரி" மட்டும்தான். பசிக்குதா என்றாலும் சரி, பசிக்கலையா என்றாலும் சரி. கல்யாணமான நாள் முதல் நான் சொன்ன எதற்கும் அவள் சொல்லாத சொல் அது. இப்போது அது மட்டும் மிஞ்சியிருக்கிறது. நான் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவளும் பாதி வாயால் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

நீ வருவதாக எழுதியிருந்ததை வாசித்தேன். தாளைத் தட்டி, மறுபடி வாசிக்கச் சொன்னாள். அன்றே மூன்றாம் தடவையும் வாசிக்க வைத்துவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. மணி அடித்துவிட்டது.

உன் அத்தான்


ஏப்ரல் 10

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறேன். அங்கேயும் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, தோல் உரிகிறது. மற்றபடி புகார் இல்லை.

காலையில் கண் விழித்ததும் முதலில் வட்டத்தைத்தான் பார்க்கிறேன். கால் வட்டம் ஆகிவிட்டது. நகத்துண்டு இப்போது தேங்காய்ச் சில்லு அளவுக்கு வந்திருக்கிறது. போன வாரம் ஒரு நாள் முழுக்க வெறுமையாக இருந்தது, உயிர் போய்விட்டது எனக்கு. பட்டைக்கு சார்ஜ் போட மறந்தீர்கள், அதுதானே? வேனுக்கு டீசல் போட மறப்பீர்களா?

இன்னொன்று. அக்காவுக்கு எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். அவள் தும்மினால் நீங்கள் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ஆள்.

அக்கா, கால் வட்டம் வந்துவிட்டது. இன்னும் அரை வட்டம்தான் பாக்கி. எனக்குப் பெட்டி வாங்குகிற வேலை வந்துவிடும் போலிருக்கிறதே.

————

அத்தான், டீச்சர் என்ன சொல்கிறாள்? முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதற்குள் வருவதுதான் வரும் என்று எங்கோ படித்தேன். உண்மையா? எழுதுங்கள்.

தம்பி


மே 2

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. நாங்கள் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம்.

சின்ன விபத்து ஒன்று. பயப்படாதே. நான் வேனை எடுத்துக்கொண்டு போன நேரத்தில், உன் அக்கா தானே எழுந்துபோய் அடுப்பிலிருந்த வெந்நீரை இடது கையால் இறக்கப் பார்த்திருக்கிறாள். மணிக்கட்டுக்குக் கீழே புறங்கையில் கொட்டிவிட்டது. மருந்து போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பெரிய காயம் இல்லை. கொஞ்ச நாள் அந்தக் கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னார்கள். ஆக இப்போது இரண்டு கையும் இல்லை. சாப்பாடு, தலை வாருவது, சட்டைப் பொத்தான் எல்லாம் நான்தான். நீ திட்டாதே, வேறு வழியில்லை.

ஆனால் இதிலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது. கட்டுப் போட்ட மறுநாளே வட்டம் கிடுகிடுவென்று ஏறியது. நீயே பார்த்திருப்பாய். நல்ல கைக்கு ஓய்வு கொடுத்தால் விழுந்த கைக்கு ரோஷம் வந்துவிடுமோ என்னவோ. நான் கை தட்டினேன். அவளிடம் போனைக் காட்டி, "பாரு, உன் தம்பி பெட்டியைக் கட்டிருவான்" என்றேன். அவள் வட்டத்தைப் பார்த்தாள். மடியில் கிடந்த கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். மறுபடி வட்டத்தைப் பார்த்தாள்.

டீச்சர் வந்திருந்தாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், டீ குடித்தாள், போனாள். அவள் சொன்னதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் அத்தான்


மே 19

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று சொல்ல எனக்கு இனிக் கடிதமே தேவையில்லை. வட்டம் சொல்லிவிடுகிறது!

பாதி! அத்தான், பாதி தாண்டிவிட்டது! கட்டுப்பாட்டு அறையில் இருக்கிற எல்லோருக்கும் போனைக் காட்டினேன். எங்கள் மேலாளர் சிரிக்கத் தெரியாத மனிதர். அவரே தோளில் தட்டிவிட்டு, "உங்க அக்கா பெரிய ஆளுதான்" என்றார். எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

அக்கா, கையில் சுட்டுக்கொண்டாயாமே. உனக்கு அடுப்பில் என்ன வேலை? சரி, அதை விடு. நீ பாதியைத் தாண்டிய கையோடு முக்காலையும் பிடித்துவிடு. உனக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று யோசித்து வை. எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வாயாம், அத்தான் எழுதியிருந்தார். எனவே கடையையே வாங்கி வருகிறேன்.

இன்று கோடு போடவில்லை. மறைக்க ஒன்றும் இல்லை.

தம்பி


ஜூலை 6

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ சுகமாக இருக்கிறாயா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? எனக்கு இடுப்போடு இப்போது தோளும் சேர்ந்துகொண்டது. தூக்கி உட்கார வைப்பதால் இருக்கும்.

உன் அக்காவின் கைக்கட்டை எப்போதோ பிரித்தாகிவிட்டது. தழும்புகூட மங்கிவிட்டது. ஆனால் மகாராணி பழகிவிட்டாள் போலிருக்கிறது. ஊட்டினால்தான் வாயைத் திறக்கிறாள். தட்டைக் கிட்டே தள்ளி வைத்துப் பார்த்தேன். ஆறிப்போனதுதான் மிச்சம். சீப்பைக் கையில் கொடுத்தால் மடியில் விழவிடுகிறாள். பிடிவாதத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே வார்ப்பு.

இளைத்திருக்கிறாள். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் வட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் நான் வந்ததும் அவள் முதலில் கண்ணால் காட்டுவது போனைத்தான். எடுத்துக் காட்டுவேன். பார்த்துவிட்டுச் சாய்ந்துகொள்வாள். எனக்கும் அதைப் பார்த்தால் தெம்பு வருகிறது. கண்ணுக்கு வேறொன்று தெரிந்தாலும், கருவி சொல்வதை நம்பத்தான் மனசு சொல்கிறது.

உன் லீவு எப்போது? காலண்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அத்தான்


ஜூலை 28

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். மிகவும் நலம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

முக்கால் தாண்டிவிட்டது! அக்கா, நீ ஜெயித்துவிட்டாய். போனைக் கையில் வைத்துக்கொண்டு அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். உன்னை எனக்குத் தெரியும். நீ தோற்கிற ஆள் இல்லை.

உங்கள் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், அத்தான். அக்கா இளைத்தது பயிற்சியால் இருக்கும், கவலைப்படாதீர்கள். இங்கே எனக்கு ஷிப்ட் பொறுப்பாளர் வேலை கொடுத்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முதல் வருடம் லீவு கிடையாது. மார்ச் மாதமாக இருந்தால் போட்டிருக்கவே மாட்டேன். அக்காதான் இப்போது தேறிவிட்டாளே, இனி என்ன அவசரம் என்று தோன்றியது. நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதை இப்போதைக்கு அவளிடம் சொல்ல வேண்டாம். சமயம் பார்த்து நானே பக்குவமாக எழுதுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 22

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கோடு போட மறந்துவிட்டாய். கண்ணாடி உடைந்திருந்ததால் நானும் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசித்துக் காட்டினேன். அடுத்த வரி என்ன என்பது வாசித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"சரி" என்றாள்.

அன்று சாப்பிடவில்லை. மற்றபடி சுகம். புது வேலைக்கு என் வாழ்த்துகள்.

உன் அத்தான்


செப்டம்பர் 9

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அக்கா சாப்பிடுகிறாளா? இதை வேனில் வைத்துப் படியுங்கள். வீட்டில் படிக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து வட்டம் மேலே மேலே போய், போன வாரம் முழுதாக நிறைந்துவிட்டது. டம்ளரைப் பிடிக்க முடியாத கை, நல்ல கைக்குச் சமம் என்று சொல்கிறது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

நேற்று வேலையில் ஒன்று நடந்தது. தண்ணீரில் கலக்கிற குளோரின் அளவு திரையில் ஏறிக்கொண்டே போனது. கூட இருந்தவர் மருந்து பம்ப்பைக் குறைக்க எழுந்தார். நான்தான் தடுத்து, முதலில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்கச் சொன்னேன். போய்ப் பார்த்தால் தண்ணீர் வருகிற வால்வு பாதி மூடிக் கிடந்தது. மருந்து கூடவே இல்லை. தண்ணீர்தான் குறைந்திருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது.

அங்கே நின்றபடியே அக்காவின் வட்டம் ஞாபகம் வந்தது. போனை எடுத்து, வட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு கைகளின் கணக்கையும் தனித்தனியாகத் திறந்தேன். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நான் அதைத் திறந்ததில்லை. வலது கை ஏப்ரலில் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. ஒரு இம்மி ஏறவில்லை. இடது கைதான் இறங்கியிருக்கிறது. மே மாதத்திலிருந்து இறங்கி இறங்கி, இப்போது அதுவும் விழுந்த கை மாதிரிக் கிடக்கிறது.

அத்தான், அக்காவின் நல்ல கைக்கு என்ன ஆயிற்று? எல்லாவற்றையும் நீங்களே செய்து அவளைப் பொம்மை மாதிரி உட்கார வைத்துவிட்டீர்களா? எழுதினேனே, அப்படிச் செய்யாதீர்கள் என்று. உங்களைத் திட்ட எனக்கு வயசு போதாது. ஆனால் திட்டத்தான் தோன்றுகிறது. உடனே எழுதுங்கள்.

தம்பி


செப்டம்பர் 25

அன்புத் தம்பிக்கு,

நீ திட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் உடம்பை முதலில் பார்த்துக்கொள். தூக்கம் இல்லாமல் மெஷின் பக்கம் நிற்காதே.

உன் கடிதத்தை வேனில் உட்கார்ந்து படித்தேன். அன்று பள்ளிக்கூடத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மதியத்தோடு விட்டுவிட்டார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வழக்கத்துக்கு மாறான நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என் சொந்த வீட்டில் திருடன் மாதிரி நின்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. இடது கையைக் காணவில்லை. உற்றுப் பார்த்தால், அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு ஈ அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. தலையை ஆட்டினாள். அது மூக்குக்குப் போனது. ஊதிப் பார்த்தாள். கோணிய வாயில் காற்று ஒழுங்காக வரவில்லை. ஈ அங்கேயேதான் இருந்தது. கையை எடுத்து விரட்டவில்லை, தம்பி. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே போய் எதிரே உட்கார்ந்தேன்.

"ஏம்மா, எதுக்கு அந்தக் கை மேல உக்காந்திருக்க?"

போனைப் பார்த்தாள். எடுத்து வட்டத்தைக் காட்டினேன். அப்போதுதான் அந்தக் கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கை வெளுத்து, நாற்காலியின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. ஒற்றை விரலால் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து முக்காலில் நிறுத்தினாள். சுவரில் இருக்கிற உன் போட்டோவைக் காட்டினாள். அப்புறம் வாசலைக் காட்டினாள்.

"முக்கால் ஆனா அவன் வருவான்னா?"

"சரி."

"ஆனாலும் வரலையேம்மா."

விரலை முக்காலிலிருந்து நகர்த்தி, மிச்சம் இருந்ததையும் சுற்றி முடித்தாள். முக்கால் போதவில்லை, முழுதாகக் கேட்கிறான் என்று நினைத்திருக்கிறாள். காட்டி முடித்ததும் கையைப் பழையபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கட்டுப் போட்டிருந்த நாட்களில் கண்டுபிடித்திருக்கிறாள். இந்தக் கை சும்மா இருந்தால் வட்டம் ஏறுகிறது, நான் கை தட்டுகிறேன், நீ மிட்டாய் வாங்குகிறாய். நான் ஊட்டிவிட்டதால் அவள் கை ஓயவில்லை. அவள் கையை ஓய வைத்ததால்தான் நான் ஊட்டினேன். இதை உன்மேல் போடுவதற்காக எழுதவில்லை.

என்மேல் போட ஒன்று இருக்கிறது. மே மாதமே டீச்சர் சொல்லிவிட்டாள். விரல் திறக்கும் என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், இனி இடது கையால் எல்லாம் செய்யப் பழக்குங்கள் என்றாள். பயிற்சி நேரத்தில் வலது கை மட்டும் செய்த கணக்கைத்தான் அவள் பார்ப்பாள். அதில் ஏற்றமே இல்லை என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நீ அனுப்பிய வட்டம் வேறு சொன்னதே. அதைப் பிடித்துக்கொண்டேன். உனக்கும் எழுதவில்லை.

இடது கை மெலிந்துவிட்டது. டம்ளரைத் தூக்கினால் நடுங்குகிறது. இருந்த ஒரு கையையும் நமக்காகக் கொடுத்துவிட்டாள்.

உன் அத்தான்


அக்டோபர் 4

அத்தான்,

பட்டைகளைக் கழற்றி எறிந்துவிடுங்கள். கடிதம் வருவதற்குள் நானே வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். பத்து நாள்தான் கொடுத்தார்கள், போட்ட கையெழுத்துப்படி இரண்டு வருடம் முடியும் வரை இனி லீவு கிடையாது என்று. பொறுப்பாளர் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கட்டும்.

அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்சம் தேறினால் வருகிறேன் என்று சொன்ன வாயை என்ன செய்வது? அவள் என்னை வளர்த்தபோது, இவன் கொஞ்சம் பெரியவனாகட்டும், அப்புறம் தூக்குகிறேன் என்று சொல்லவில்லையே.

தம்பி


நவம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, வேலையில் நின்றுவிட்டாய் என்று போனில் தெரிந்துகொண்டேன். அங்கே குளிர் வந்திருக்கும், கம்பளி போட்டுக்கொள். எனக்கு இடுப்பும் தோளும் எப்போதும்போலத்தான்.

நீ இருந்த பத்து நாளில் இந்த வீடு வீடாக இருந்தது. வாசலில் உன் பெட்டியை இடது கையால் பிடித்தாளே, தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டே உள்ளே வந்தாளே, அதை இன்னும் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உனக்குத் தட்டில் போட்டது, நடுங்குகிற கையால் ஊட்டியது, பாதியை உன் சட்டையில் சிந்திவிட்டு உன்னையே முறைத்தது. நீ அவள் மடியில் தலை வைத்துப் படுத்தபோது தலையைக் கோதியதும் அந்தக் கைதான். டீச்சர்கூட வந்து பார்த்துவிட்டு, இந்தக் கை மூன்றே மாதத்தில் பழைய பலத்துக்கு வந்துவிடும் என்றாள்.

கிளம்புகிற அன்று, சீக்கிரம் வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ சொன்னதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இனி இரண்டு வருடம் ஆகும் என்று எந்த வாயால் சொல்ல முடியும்?

நீ போன பிறகு ஒரு வாரம் தானே சாப்பிட்டாள். தலைகூட வாரிக்கொண்டாள். நேற்று நான் வந்தபோது அலமாரியின் கீழ் இழுப்பறை திறந்து கிடந்தது. பட்டைகளை எறிந்துவிடச் சொன்னாய் அல்லவா, விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று நான்தான் அங்கே போட்டு வைத்திருந்தேன். இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஒவ்வொன்றாக நீட்டினாள், கட்டிவிடு என்று.

"இது இப்ப வேலை செய்யாதும்மா. அவன் இப்பதானே வந்துட்டுப் போனான்" என்றேன்.

"சரி" என்றாள். நீட்டிய கையை மடக்கவில்லை.

முழு வட்டம் ஆனது, நீ வந்தாய். அவள் கண்டது அதுதான். நீ எதற்காக வந்தாய் என்பதை நாம் இருவரும் மாற்றி மாற்றி அவளுக்கு எடுத்துச் சொன்னோம். அவளும் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னாள்.

கட்டிவிட்டேன். பட்டையில் சார்ஜ் இல்லை. போனிலும் அந்த வட்டத்தை நீ அழித்துவிட்டுப் போயிருக்கிறாய். அவளுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறாள். காலையில் நான்தான் ஊட்டினேன்.

கையை எடு என்று சொன்னால் நீ வரமாட்டாய் என்று நினைப்பாள். சொல்லாமல் விட்டால் இருக்கிற ஒரு கையும் போய்விடும். இரண்டில் எதைச் செய்யட்டும் என்று எனக்கு எழுது. கோடு போட வேண்டாம், அவளுக்கு எதிரிலேயே வாசிக்கிறேன்.

உன் அத்தான்